நம்பாத சொல்லுக்கு எதற்கு இத்தனை செலவு?

"விளம்பரம் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அதை அப்படியே யார் நம்புகிறார்கள்?" என்ற கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். தன் சரக்கைத் தானே தாழ்த்திப் பேசும் வியாபாரி எங்கும் இல்லை. ‘நம்பர் 1’, ‘உலகத் தரம்’, ‘இதற்கு இணை வேறில்லை’ என்பதெல்லாம் வாணிகத்தோடு கூடப் பிறந்த பேச்சு, புத்தியுள்ளவர் அதைக் கேட்டுவிட்டுக் கடந்துபோவார், எனவே சட்டம் அதில் தலையிட வேண்டியதில்லை என்கிறார்கள். விளம்பரத் துறையினர் மட்டுமல்ல, வழக்கறிஞர்களும் நீதிபதிகளில் பலரும் இதையே சொல்கிறார்கள். ஏமாந்தவரைப் பார்த்து "விளம்பரத்தைப் போய் நம்புவார்களா?" என்று கேட்கும் அக்கம்பக்கத்தாரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆங்கிலேயச் சட்ட மரபு இந்த மிகைப்புகழ்ச்சிக்கு ‘பஃபரி’ என்று பெயர் வைத்து, அதற்குத் தனி விலக்கும் அளித்திருக்கிறது. அது வெறும் புகழ்ச்சி, தகவல் அல்ல. தகவல் அல்லாததால் பொய்யாக இருந்தாலும் சொன்னவர் பொறுப்பில்லை என்பது அந்த விலக்கின் சாரம். இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். மிகைப்புகழ்ச்சியை மக்கள் நம்புவதில்லை என்பதும் உண்மையல்ல, நம் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது என்பதும் உண்மையல்ல. அந்த விலக்கு எங்கே, யாருக்கிடையிலான சண்டையில் பிறந்தது என்று பார்த்தால், பொருளை வாங்குபவர் அங்கே ஒரு தரப்பாகவே இருந்ததில்லை என்பது தெரியும்.

யாரும் நம்புவதில்லை என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பாப்பா ஜான்ஸ் நிறுவனம் 1995இல் ஒரு முழக்கத்தை எடுத்துக்கொண்டது. தன் பீட்சாவில் சேரும் பொருட்கள் மற்றவர்களுடையதைவிட மேலானவை, ஆகவே பீட்சாவும் மேலானது என்பது அதன் பொருள். போட்டியாளரான பீட்சா ஹட் வழக்குத் தொடுத்தது. டெக்சாஸில் நடந்த விசாரணையில் ஜூரிகள் அந்த முழக்கம் மக்களைத் தவறாக நம்பவைக்கிறது என்றார்கள். 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. தனித்து நிற்கும்போது அந்த முழக்கம் வெறும் மிகைப்புகழ்ச்சி. சாஸையும் மாவையும் ஒப்பிட்டு வெளியான விளம்பரங்களோடு சேரும்போது அது தவறாக வழிநடத்தக் கூடியது. ஆனாலும் அதனால்தான் மக்கள் வாங்கினார்கள் என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொரு செய்தியும் பதிவாகியிருக்கிறது: அந்த முழக்கத்தை மக்கள் மனதில் பதியவைக்கப் பாப்பா ஜான்ஸ் செலவழித்தது 30 கோடி டாலருக்கு மேல். அதை வர்த்தகக் குறியாகவும் பதிவுசெய்து வைத்திருந்தது. யாரும் பொருட்படுத்தாத ஒரு வாக்கியத்துக்கு 30 கோடி டாலர் செலவழித்து, பிறர் எடுத்துக்கொள்ளாதபடி வேலியும் போட்டுக் காக்கும் நிறுவனம் உலகில் எங்கேனும் உண்டா? வணிகத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்ப்பவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒரு சொல்லுக்குச் செலவழிக்கிறார்கள் என்றால், அந்தச் சொல் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் ‘இது விற்கும்’ என்பதும், நீதிமன்றத்தில் ‘இதை யாரும் நம்பமாட்டார்கள்’ என்பதும் ஒரே நிறுவனத்தின் வாயிலிருந்து வர அனுமதிப்பதுதான் இந்த விலக்கு.

இந்த இரட்டைப் பேச்சு புதிதல்ல. 1891இல் இங்கிலாந்தில் இன்ஃபுளுவென்சா பரவியிருந்த காலத்தில், கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற கருவியை விற்ற நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. சொன்ன முறைப்படி நாளுக்கு மூன்று வேளையாக இரண்டு வாரம் இதைப் பயன்படுத்திய பிறகும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்றும், அதற்கு அடையாளமாக 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்றும் அதில் இருந்தது. வாங்கிப் பயன்படுத்திய திருமதி கார்லிலுக்குக் காய்ச்சல் வந்தது. பணம் கேட்டபோது, அது வெறும் விளம்பரப் புகழ்ச்சி என்று நிறுவனம் கைவிரித்தது. 1892இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்னவர் விளையாட்டாகச் சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டு, பணத்தைத் தரச் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே படிக்கும் இந்த வழக்கைக் காட்டி, சட்டம் சரியான இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது என்பார்கள். திட்டவட்டமான வாக்குறுதி கட்டுப்படுத்தும், பொதுவான புகழ்ச்சி கட்டுப்படுத்தாது என்பதே அந்தக் கோடு. ஆனால் அந்தக் கோட்டிலிருந்து வியாபாரிகள் கற்றுக்கொண்டது என்ன? தோற்ற அந்த நிறுவனமே 1893இல் மீண்டும் ஒரு விளம்பரம் கொடுத்தது. பரிசு இப்போது 200 பவுண்டு. கூடவே, நிபந்தனைகளை எழுதிக் கேட்டு வாங்க வேண்டும், சிகிச்சை தொடங்குமுன் அதில் கையொப்பமிட்டு லண்டன் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதிகள். கண்ணில் படும் தொகையைப் பெருக்கி, கையில் சேரும் வழியைச் சுருக்கிவிட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் தொகையையும் எண்ணையும் விட்டுவிட்டு ‘மிகச் சிறந்தது’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தெளிவாகப் பொய் சொன்னவர் மாட்டிக்கொள்வார், மங்கலாகச் சொன்னவர் தப்பித்துவிடுவார் என்று சட்டமே கற்றுக்கொடுத்தால், விளம்பரங்கள் மங்கலாகிக்கொண்டே போவதில் வியப்பில்லை. பொய்யின் அளவு அதனால் குறைந்துவிடவில்லை.

இனி விலக்கு பிறந்த இடம். 1895இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த ஒயிட் எதிர் மெல்லின் வழக்கு அதன் வேர்களில் ஒன்று. மெல்லின் தயாரித்த குழந்தை உணவைத் தன் கடையில் விற்ற ஒயிட், அந்தப் புட்டிகளின் மேலேயே ஒரு சீட்டை ஒட்டினார். டாக்டர் வான்ஸின் உணவே குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் இதுவரை வந்த எல்லாவற்றையும்விடச் சத்து மிகுந்தது என்று அந்தச் சீட்டு சொன்னது. வான்ஸின் உணவில் ஆதாயம் பெற்றவரும் ஒயிட்தான். மெல்லின் தடை கேட்டார், கிடைக்கவில்லை. யாருடைய சரக்கு உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், போட்டி வியாபாரிகள் நீதிமன்றத்தையே தங்கள் விளம்பரக் கருவியாக்கிவிடுவார்கள் என்று பிரபு ஹெர்ஷெல் அஞ்சினார். அந்த அச்சத்தில் அர்த்தம் உண்டு. இரண்டு வியாபாரிகளின் சண்டையில் நடுவராக உட்கார நீதிமன்றம் மறுத்ததை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த வழக்கில் பேசப்பட்டது கைக்குழந்தைகளின் உணவு. எந்த உணவில் உண்மையில் சத்து அதிகம் என்பதை அறிய வேண்டிய தாய் அந்த வழக்கில் இல்லை, அவள் சார்பில் வாதாட ஒருவரும் இல்லை. அவளுக்கு அந்தச் சீட்டு என்ன செய்தது என்ற கேள்வி எழவே இல்லை. போட்டியாளருக்கு வழக்கிடும் உரிமை இல்லை என்று முடிவான ஒரு விஷயம், காலப்போக்கில் ‘அப்படிச் சொல்வதில் தவறில்லை’ என்று மாறிவிட்டது. முன்னது வழக்காடும் தகுதி பற்றியது. பின்னது உண்மை பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியதுதான் இந்தக் கோட்பாட்டின் அடிப்படைப் பிழை.

அந்தப் பிழை அப்படியே இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. துணிக்குப் போடும் நீலத்தின் சந்தையில் ராபின் புளூவுக்கும் உஜாலாவுக்கும் நடந்த சண்டை 1990களின் இறுதியில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. ராபின் புளூவின் புட்டியை ஒத்த ஒன்றைக் காட்டி, நீலம் போடுவது வீண்செலவு என்று உஜாலாவின் விளம்பரம் பேசியதுதான் புகார். நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது. ஆனால் அதோடு சில விதிகளையும் தொகுத்துச் சொன்னது. ஒரு வியாபாரி தன் சரக்கு உலகிலேயே சிறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையில்லாவிட்டாலும். போட்டியாளருடையதைவிடச் சிறந்தது என்றும் சொல்லலாம், அதுவும் உண்மையில்லாவிட்டாலும். போட்டியாளரின் சரக்கு மோசம் என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்த விதிகளை ஒருமுறை நிதானமாகப் படித்தால் அவை யாருக்காக எழுதப்பட்டவை என்பது புரியும். தன்னைப் பற்றிப் பொய் சொல்ல ஒவ்வொரு வியாபாரிக்கும் உரிமை. அடுத்தவரின் குறையை எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. வியாபாரிகள் தங்களுக்குள் மரியாதையாக நடந்துகொள்ள இது உதவும். வாங்குபவருக்கோ, கேட்கக் கூடாத பொய் முழுவதும் வந்து சேரும், கேட்க வேண்டிய உண்மை மட்டும் வராது.

இதை முதலில் நேருக்கு நேராக எடுத்துச் சொன்னவற்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு முக்கியமானது என்பதைத் தமிழர்கள் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2008இல் கோல்கேட் நிறுவனம் ஆங்கர் பற்பசையின் விளம்பரத்தை எதிர்த்து வந்தது. கால்சியம், ஃபுளோரைடு, ட்ரைக்ளோசான் மூன்றும் உள்ள ‘ஒரே’ பற்பசை, முழுப் பாதுகாப்பு தரும் ‘முதல்’ பற்பசை என்பவை அந்த விளம்பரத்தின் சொற்கள். கல்கத்தா தீர்ப்பின் விதிகளைப் பின்பற்றியிருந்தால் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இதை ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பொய்யாகப் புகழ்ந்துகொள்ளும் உரிமை வியாபாரிக்கு உண்டு என்று ஏற்பது நுகர்வோருக்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களுக்கு எதிராகப் போகும் என்று எடுத்துக்காட்டினார். இரண்டு போட்டியாளர்கள் ஒருவரையொருவர் தொடாமல் தத்தம் சரக்கை வானளாவப் புகழ்ந்துகொண்டால் இருவராலும் ஏமாறுவது நுகர்வோர்தான். ஒருவர் குறையை மற்றவர் உண்மையாக வெளிப்படுத்தினால் நுகர்வோர் அறிவு பெறுவார் என்பது அவரது வாதத்தின் போக்கு. ‘ஒரே’, ‘முதல்’ என்ற சொற்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு சிறிய சொற்கள்தான். ஆனால் ஒரு பற்பசையை எடுத்த கையை இன்னொன்றின் பக்கம் திருப்புபவை அந்த இரண்டு சொற்களே.

டெல்லி உயர் நீதிமன்றத்தின் அமர்வும் 2010இல் டாபர், கோலர்டெக் நிறுவனங்களுக்கிடையிலான கொசுவிரட்டி வழக்கில் கல்கத்தா விதிகளின் அந்தப் பகுதியை ஏற்க மறுத்தது. வணிக விளம்பரத்துக்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995இல் டாடா பிரஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பொய்யான, ஏமாற்றும் விளம்பரத்துக்குக் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க ‘உண்மையில்லாவிட்டாலும் சொல்லலாம்’ என்பது எப்படி நிற்கும் என்பதே டெல்லி அமர்வின் நிலை. ஆனாலும் அது ஒரு மங்கலான பரப்பை விட்டுவைத்தது. உண்மைத் தகவலாக அல்லாமல் வெறும் மெருகேற்றலாக இருக்கும் பேச்சுக்கு இடமுண்டு என்றது. அந்த மங்கலான பரப்புதான் இன்றுவரை ஒவ்வொரு நிறுவனத்தின் வழக்கறிஞரும் முதலில் போய் நிற்கும் இடம். மிகைப்புகழ்ச்சி அனுமதிக்கப்பட்டதே என்ற வரி தீர்ப்புக்குத் தீர்ப்பு திரும்ப வருகிறது. அந்த வழக்குகளிலும் வாதி ஒரு கம்பெனி, பிரதிவாதி ஒரு கம்பெனி.

சட்டப் புத்தகத்தையே திறந்து பார்த்தால் அதில் இப்படி ஒரு விலக்கு இல்லை. இந்திய நுகர்வோருக்குத் தவறான விளம்பரங்களிலிருந்து பாதுகாப்பே இல்லை என்று 1978இல் சச்சார் குழு சுட்டிக்காட்டிய பிறகு, 1984இல் ஏகபோகத் தடைச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை பற்றிய பிரிவு சேர்க்கப்பட்டது. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று தனியே வரையறுக்கிறது. பொருளைப் பொய்யாக விவரிப்பது, பொய்யான உத்தரவாதம் தருவது, அதன் தன்மை, அளவு, தரம் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கக் கூடியது, முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். வெளிப்படையாகச் சொன்னது மட்டுமல்ல, மறைமுகமாக உணர்த்தியதும் கணக்கில் வரும். முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் உண்டு. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவாகவே பேசுகிறது: ஒரு பொருளின் பயனையும் திறனையும் செயல்பாட்டையும் மிகைப்படுத்தி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தாத விளம்பரமே ஏற்கத்தக்கது. நாடாளுமன்றமும் ஒழுங்குமுறை அமைப்பும் மிகைப்படுத்தலைப் பெயர் சொல்லிச் சுட்டிய பிறகும், மிகைப்புகழ்ச்சிக்குச் சட்டத்தில் இடமுண்டு என்று சொல்பவர்கள் எந்தச் சட்டத்தைச் சொல்கிறார்கள்? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வியாபாரிகளுக்காக நீதிபதிகள் வகுத்ததை.

"புத்தியுள்ள மனிதர் நம்பமாட்டார்" என்ற அளவுகோலும் அதே பழைய மரபிலிருந்து வந்ததுதான். 1918இல் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் தூசு உறிஞ்சும் இயந்திரம் பற்றிய ஒரு வழக்கில், இத்தகைய பேச்சை நம்புபவர் தன் வெகுளித்தனத்துக்கு விலை கொடுக்கிறார் என்ற பொருளில் எழுதினார். விற்பவரும் வாங்குபவரும் தொழில் தெரிந்த இரண்டு கம்பெனிகளாக இருந்த இடத்தில் அதைச் சொல்லலாம். நம் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் வேறு. 1989இல் நோவினோ பேட்டரி வழக்கில், விளம்பரத்தில் பொய் இருக்கிறதா, அது சாதாரண மனிதர் மீது என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதே திறவுகோல் என்றது. அந்த வழக்கில் நிறுவனம் தப்பித்தது வேறு விஷயம்; அளவுகோல் அதுதான். சாதாரண மனிதர் என்பவர் பல் கூச்சத்தோடு மருந்துக் கடையில் நிற்பவர், பிள்ளை மெலிந்திருக்கிறானே என்று கவலைப்படும் தாய், நகையை அடகு வைத்து மகளைப் பயிற்சி மையத்தில் சேர்க்கும் தகப்பன். இவர்களுக்குப் பொருளைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம், புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம். பற்பசை ஈறுகளுக்கு என்ன செய்கிறது என்பதையும், பாலில் கரைத்துக் கொடுக்கும் மாவு பிள்ளையின் எலும்புக்கு என்ன செய்கிறது என்பதையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பிறகும் வாங்கியவரால் கண்டறிய முடியாது. எங்கே வாங்குபவரால் சரிபார்க்க முடியாதோ அங்கேதான் புகழ்ச்சி மிக அதிகமாக ஒலிக்கிறது. நம்பாமல் இருப்பதற்கு வேறு தகவல் வேண்டும். அந்தத் தகவல் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது.

அந்தத் தகவலை நிறுவனத்திடம் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்சோடைன் பற்பசை ‘உலகின் நம்பர் 1’ என்றும் ‘உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்றும் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பழைய கண்ணோட்டத்தில் இவை இரண்டும் அசல் மிகைப்புகழ்ச்சி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரே ஒரு காரியம் செய்தது: ஆதாரம் காட்டுங்கள் என்றது. உலகெங்கும் என்ற சொல்லுக்கு ஆதாரமாக வந்தது இந்தியாவில் உள்ள பல் மருத்துவர்களிடம் எடுத்த சந்தை ஆய்வு. 2022 மார்ச்சில் ஆணையம் 10 லட்சம் ரூபாய் தண்டம் விதித்து அந்த விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. அளக்க முடியாத வெறும் புகழ்ச்சி என்று எல்லோரும் கருதிய வாக்கியம், கேட்டவுடன் அளக்கக் கூடிய தகவலாகிவிட்டது. பிரிட்டனிலும் இதேபோல் நடந்தது. குழந்தைகளை உயரமாக, வலிமையாக, கூர்மையாக ஆக்கும் என்று ஹார்லிக்ஸ் சொல்லும் விளம்பரம் நம் வீடுகளில் பாட்டுப்போலப் பழகிப்போனது. தெற்காசியாவுக்காக எடுக்கப்பட்ட அந்த விளம்பரம் 2008இல் பிரிட்டனில் தெரியும் ஒரு தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிவிட, அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் அந்தக் கூற்று நிரூபிக்கப்படவில்லை என்று தடுத்தது. அங்குள்ள குழந்தைக்குச் சான்று கேட்கப்படும் வாக்கியம் இங்குள்ள குழந்தைக்கு வெறும் முழக்கமாக இருக்க வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில்தான் மத்திய அரசு இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அப்படி ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. எத்தனை ஆண்டுகள், எத்தனை வீடுகளில், எத்தனை பேர் அந்தப் பெயரை நம்பித் தம் பிள்ளைகளுக்குக் கலந்து கொடுத்திருப்பார்கள்!

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று பண்பாட்டுப் பெருமையோடு வருகிறது. மிகைப்படுத்தல் நம் மொழியின் அழகு, உயர்வு நவிற்சி என்று அணியிலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது, விளம்பரத்தில் மட்டும் அதைக் குற்றமாக்கலாமா என்பார்கள். மன்னனைப் பாடிய புலவர் அவன் கொடையை மழையைவிட உயர்த்திச் சொன்னார் என்பது உண்மைதான். அங்கே புகழப்பட்டவர் பரிசில் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாட்டை ரசித்தார்கள், யாரும் அதை நம்பித் தன் காசை இழக்கவில்லை. விளம்பரத்தில் தன்னைத் தானே புகழ்ந்துகொள்பவர் கேட்பவரிடமிருந்து காசு வாங்குகிறார். இந்த ஒரு வேறுபாடு இருக்கும்வரை கவிதையின் உரிமையை விளம்பரத்துக்குக் கடன் கொடுக்க முடியாது.

கற்பனையும் நகைச்சுவையும் செத்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. பெப்சி 1996இல் வெளியிட்ட விளம்பரத்தில் 70 லட்சம் புள்ளிகள் சேர்த்தால் ஹாரியர் போர் விமானம் கிடைக்கும் என்று காட்டியது. ஒருவர் உண்மையாகவே விமானம் கேட்டு வழக்குப் போட்டார். அது வேடிக்கை என்பது பார்த்தவுடன் தெரியும் என்று நியூயார்க் நீதிமன்றம் 1999இல் தள்ளுபடி செய்தது. அந்த முடிவில் எனக்கு மாறுபாடில்லை. ரெட் புல் குடித்தால் இறக்கை முளைக்கும் என்று சொன்னதற்காகவே நிறுவனம் பணம் கட்டியது என்று பரவலாகப் பேசப்படுகிறது, அது சரியல்ல. 2014இல் 1.3 கோடி டாலருக்கு முடிந்த அந்த வழக்கின் கருப்பொருள் இறக்கை அல்ல. ஒரு கோப்பைக் காப்பியைவிட அதிகச் சுறுசுறுப்பும் கவனமும் தரும் என்ற எண்ணத்தை உண்டாக்கியதுதான் புகார். கண்கூடான கற்பனைக்கும், உண்மைபோல் ஒலிக்கும் புகழ்ச்சிக்கும் நடுவே உள்ள வேறுபாடு தெளிவானது. 1985இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறையும் சிரிக்க வைக்கவோ கண்ணைக் கவரவோ சொல்லப்படும் வெளிப்படையான மிகையை மட்டுமே அனுமதிக்கிறது. நாம் கேட்பது அந்த வரம்பை வரம்பாகவே வைத்திருக்க வேண்டும் என்பது. கேரளத்தில் 2015இல் ஒரு சோப்பு விளம்பரம் ‘அழகு உங்களைத் தேடி வரும்’ என்றது. ஓராண்டு பயன்படுத்தியும் வரவில்லை என்று ஒருவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பலருக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். நிறுவனம் 30,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நிறத்தையும் தோலையும் வைத்து மனிதரை எடைபோடும் சமூகத்தில் அந்த வாக்கியத்தைக் கவிதையாகக் கேட்க எல்லோருக்கும் வசதி இருப்பதில்லை.

பின்னே, தெருமுனை டீக்கடையில் ‘ஊரிலேயே சிறந்த டீ’ என்று எழுதியிருந்தால் வழக்கா என்று கேட்பார்கள். ‘சிறந்த’ என்ற சொல்லையே தடைசெய்த நாடு உண்டு. சீனா தன் விளம்பரச் சட்டத்தில் அப்படிச் செய்தது, 2015இல் அதைத் திருத்தியபோது மீறினால் 2 லட்சம் யுவானிலிருந்து தண்டமும் வைத்தது. அந்த வழி நமக்கு வேண்டாம். டீயைக் குடித்தவர் அடுத்த நிமிடமே தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிடிக்காவிட்டால் மறுநாள் எதிர்க் கடைக்குப் போவார். வாங்குபவரால் தானே சரிபார்க்க முடிகிற இடத்தில் சட்டத்துக்கு வேலையில்லை. உடல்நலம், குழந்தை வளர்ச்சி, கல்வி, வேலைவாய்ப்பு, சேமிப்பு, வீடு என்று வாங்குபவரால் சரிபார்க்க இயலாத, ஆனால் வாழ்க்கையையே மாற்றக் கூடிய இடங்களில், சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘நம்பர் 1’ என்றால் எந்தக் கணக்கில், எந்த ஆண்டில், யார் எண்ணியது? ‘சிறந்த கல்லூரி’ என்றால் எதை வைத்து? பதில் இருந்தால் அதை யாரும் பார்க்கும்படி வைக்கட்டும். பதில் இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடட்டும். இது பேச்சுரிமையைப் பறிப்பது என்பவர்கள், உண்மையான கூற்று ஒன்றைக்கூட இந்த விதி தடுக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். 2022 வழிகாட்டுதல் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களில் பொருளின் சிறப்பை மிகைப்படுத்தி நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பை உண்டாக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. குழந்தைக்காக வாங்கும் பெற்றோருக்கும் அதே பாதுகாப்பை நீட்டுவதில் என்ன தடை?

தண்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடு முழுதும் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் உறுத்தும் தொகையல்ல. மனதில் பதிந்துவிட்ட சொல்லைத் தண்டம் அழிக்காது. லிஸ்டரின் வாய் கொப்பளிக்கும் மருந்து சளியைத் தடுக்கும் என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்யப்பட்டது. அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1975இல் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னதோடு நிற்கவில்லை. லிஸ்டரின் சளியைத் தடுக்காது என்று அந்த நிறுவனமே தன் காசில், ஒரு கோடி டாலர் அளவுக்கான விளம்பரங்களில் சொல்ல வேண்டும் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1977இல் அதை உறுதிசெய்தது. நம் 2019 சட்டத்திலும் திருத்த விளம்பரம் வெளியிட உத்தரவிடும் அதிகாரம் நுகர்வோர் ஆணையங்களுக்கு இருக்கிறது. 2024 ஏப்ரலில் பதஞ்சலி நிறுவனம் தன் விளம்பரங்களுக்காக நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டபோது, உங்கள் விளம்பரங்கள் எவ்வளவு பெரிதாக வந்தனவோ அதே அளவில்தான் இதுவும் வந்ததா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது; அடுத்த நாளே பெரிய அளவில் மன்னிப்பு வெளியானது. அந்தக் கேள்வியை ஒரு வழக்கோடு விட்டுவிடாமல் விதியாக்க வேண்டும். ஆதாரமில்லாமல் ‘உலகின் நம்பர் 1’ என்று டப்பாவின் முகப்பில் அச்சிட்டவர், அது உண்மையல்ல என்பதையும் அதே முகப்பில், அதே எழுத்தளவில், அத்தனை மாதங்களுக்கு அச்சிடட்டும்.